வயிறு சரியில்லை என்றாள் என் பெண்

"வயிறு சரியில்லைம்மா."

என் பெண் இந்த ஒரு வாக்கியத்தை ஒன்றரை வருஷம் சொல்லிக் கொண்டிருந்தாள். நானும் ஒன்றரை வருஷம் கேட்டுக் கொண்டிருந்தேன். அதற்குள் என்னவெல்லாம் ஒளிந்து கிடந்தது என்பது வெளியே வர, ஒரு டாக்டர் எங்கள் இருவரையும் எதிரே உட்கார வைத்து முக்கால் மணி நேரம் கேள்வி கேட்க வேண்டியிருந்தது.

இதைப் பத்திரிகைக்கு எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "பேர் மட்டும் போடாதேம்மா. மத்ததெல்லாம் எழுது. ஹாஸ்டல்ல இன்னும் எத்தனை பேர் பக்கெட்டை வெச்சுக்கிட்டு முழிச்சிட்டிருக்காங்களோ!" என்றாள். பக்கெட் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

2022 ஆகஸ்டில் அவளைக் கோயமுத்தூரில் கல்லூரியில் சேர்த்தோம். வயது 18, எடை 52 கிலோ. தீபாவளிக்குத் தஞ்சாவூர் வந்தபோதே வயிறு இளகிப் போய்க் கொண்டிருந்தது. ஹாஸ்டல் சாப்பாடு, தண்ணீர் மாற்றம் என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். மோரில் மாதுளை ஓட்டை அரைத்துக் கலக்கிக் கொடுத்தேன். சுண்டைக்காய் வற்றலை வறுத்துச் சாதத்தில் போட்டுப் பிசைந்தேன். நாலு நாளில் தேவலை போலிருந்தது. திரும்பிப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் பார்த்த டாக்டர் சீதபேதிக்கு மாத்திரை கொடுத்தார். வாயெல்லாம் இரும்பை நக்கினாற்போல் கசக்கும் அந்த மாத்திரையை ஒரு வருஷத்தில் நாலு தடவை சாப்பிட்டிருக்கிறாள். அமீபா இருக்கிறதா என்று மலத்தை ஒரு தடவைகூட யாரும் பரிசோதிக்கவில்லை. ரத்தம் தெரிந்தபோது மூலம் என்றார் இன்னொருவர். படுக்க வைத்துப் பார்க்காமலே தடவிக் கொள்ள ஆயின்ட்மென்ட் எழுதினார். பரீட்சை சமயத்தில் ஜாஸ்தியானதால், "பயந்த சுபாவம். இது ஐ.பி.எஸ்., குடலில் புண் எதுவும் இருக்காது. மனசைத் தைரியமா வெச்சுக்கம்மா" என்றார் மூன்றாமவர். அவள் பயந்த சுபாவம்தான். ஆனால் பயந்த சுபாவக்காரர்களுக்கும் குடலில் புண் வரும் அல்லவா?

ஹீமோகுளோபின் 9 என்று ரிப்போர்ட் வந்தபோது நான்தான் முந்திக் கொண்டு, "அவளுக்கு அந்த மூணு நாள்ல ரொம்பப் போகும் டாக்டர்" என்றேன். இரும்புச் சத்து டானிக் எழுதிக் கொடுத்தார்கள். நம் பெண்களுக்கு ரத்தம் குறைந்தால் அதற்கு மேல் யாரும் காரணம் தேடுவதில்லை. கவனித்திருக்கிறீர்களா?

2023 மே மாத விடுமுறையில் வலிக்கிறது என்று வயிற்றை ஸ்கான் எடுத்தோம். ஈரல் சரி, பித்தப்பை சரி, கர்ப்பப்பை சரி, சிறுநீரகம் சரி. "எல்லாம் நார்மல்" என்று ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வைத்துவிட்டேன். அதில் கடைசிக்கு முந்திய வரியில், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் சுவர் சற்றுத் தடித்திருக்கிறது, பக்கத்தில் சில நெறிக்கட்டிகள் தெரிகின்றன, நோயாளியின் அறிகுறிகளோடு பொருத்திப் பார்க்கவும் என்று இருந்தது. பொருத்திப் பார்க்க யாரும் இல்லை. பத்து மாதம் அந்த வரி பீரோவில் புடவைகளுக்கு நடுவே தூங்கியது.

முக்கால் மணி நேரக் கேள்விகள்

2024 மார்ச்சில் அவள் எடை 41 கிலோ. சாயங்காலமானால் லேசாக உடம்பு சுடும். முழங்கால் வலி வேறு. திருச்சியில் குடல் நோய்களுக்கென்றே இருக்கும் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். வயதானவர். மேஜை மேல் நான் வைத்த ரிப்போர்ட் கட்டை அவர் தொடவேயில்லை.

"இதெல்லாம் அப்புறம் பாக்கலாம்மா. முதல்ல பாப்பா பேசட்டும்."

எத்தனை தடவை போகிறாய்? தண்ணீராகவா, சளி கலந்தா? ரத்தம் மலத்தோடு கலந்து வருகிறதா, கடைசியில் சொட்டுகிறதா? போய் வந்த பிறகும் இன்னும் இருப்பது போல் முக்கத் தோன்றுகிறதா? அவசரம் வந்தால் அடக்க முடிகிறதா? வலி எந்த இடத்தில்? சாப்பிட்டதும் வருமா, போய் வந்தால் குறையுமா? அவள் தரையைப் பார்த்துக் கொண்டே ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். வலியைக் காட்டச் சொன்னபோது கை தொப்புளுக்கு வலப்பக்கம் கீழே போயிற்று.

"ராத்திரி தூக்கத்துலேர்ந்து எழுந்து போற மாதிரி வருமா?"

"அதெல்லாம் இல்லீங்க டாக்டர். படுத்தா காலையிலதான் எழுந்திருப்பா" என்றேன் நான்.

"போவேன் டாக்டர்" என்றாள் அவள். "ரெண்டு தடவை. சில நாள் மூணு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்போதுதான் பக்கெட் விஷயம் வந்தது. ஹாஸ்டலில் பாத்ரூம் அறைகளுக்குப் பக்கத்திலேயே. ராத்திரி குழாயைத் திறந்தால் எல்லோருக்கும் கேட்கும் என்று, படுப்பதற்கு முன்பே ஒரு பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைத்துக் கொள்வாளாம். சில நாள் செல்போன் வெளிச்சத்தில் மாடி ஏறி, ஆளில்லாத மேல்தளத்துப் பாத்ரூமுக்குப் போவாளாம். கைப்பையில் எப்போதும் மாற்று உடை. லீவில் வீட்டுக்கு வந்தபோதும் கொல்லைப்புறக் கதவைச் சத்தமில்லாமல் திறந்து போயிருக்கிறாள். பக்கத்து அறையில் படுத்திருந்த நான் அறியவில்லை.

அந்தக் கேள்விக்கு ஏன் அத்தனை முக்கியத்துவம் என்று டாக்டர் விளக்கினார். ஐ.பி.எஸ். எனப்படும் குடல் கோளாறில் வலி இருக்கும், கழிச்சல் இருக்கும், ஆனால் பெரும்பாலும் தூங்குகிறவரை எழுப்பாது. தூக்கத்தைக் கலைக்கும் கழிச்சல், ரத்தம், காய்ச்சல், இளைப்பு, ரத்தசோகை இவற்றில் ஏதாவது இருந்தால் குடலிலேயே நோய் இருக்கிறதா என்று தேடித்தான் ஆக வேண்டும். இவளுக்கு ஐந்தும் இருந்தன.

பிறகு வயிற்றுக்குச் சம்பந்தமே இல்லாதது போல் கேட்டார். வாயில் அடிக்கடி புண் வருமா? கண் சிவந்து கூசியதுண்டா? காலில் சிவந்த முடிச்சுகள்? மூட்டு வலி? வாய்ப்புண்ணுக்கு வைட்டமின் மாத்திரையும் முழங்காலுக்குத் தைலமும் நான்தான் தனித்தனியே வாங்கிக் கொடுத்திருந்தேன். குடல் அழற்சி நோய் குடலோடு நிற்காது, வாய், கண், தோல், மூட்டு எங்கும் அடையாளம் காட்டும் என்றார். மூட்டு வலிக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்டு, பெயரைச் சொன்னதும் அதை உடனே நிறுத்தச் சொன்னார். அந்த வகை வலி மாத்திரைகளே குடலில் புண் உண்டாக்கும். நோயையும் மறைத்துக் குழப்பும்.

நர்ஸை உடன் வைத்துக் கொண்டு ஆசனவாயையும் பார்த்தார். மூலம் இல்லவே இல்லை! ஒரு வெடிப்பு இருந்தது, அதுவும் சாதாரணமாக வரும் நடுக்கோட்டில் இல்லாமல் பக்கவாட்டில். இரண்டு நிமிஷ வேலை. ஒன்றரை வருஷத்தில் யாரும் செய்யாதது.

நான் மறைத்தது

"வீட்டுல யாருக்காவது டி.பி. இருந்ததா?"

"இல்லீங்க" என்று சட்டென்று சொன்னேன்.

சகோதரிகளே, அது பொய். 2008ல் என் மாமனாருக்குக் காசம் வந்தது. ஆறு மாதம் அரசாங்க ஆஸ்பத்திரி மாத்திரை சாப்பிட்டுக் குணமானார். இது உறவுக்காரர்களுக்குத் தெரியக் கூடாது என்று மாமியார் கட்டளை. "நாளைக்கு நம்ம வீட்டுப் பொண்ணை எவன் எடுப்பான்?" என்பார். பதினாறு வருஷமாகச் சொல்லிப் பழகிய "இல்லை" அன்றைக்கும் தானாக வாயில் வந்துவிட்டது. அப்போது என் பெண்ணுக்கு 4 வயது. தாத்தாவின் பக்கத்தில்தான் படுப்பாள்.

ஒரு நிமிஷம் சும்மா இருந்துவிட்டுத் திருத்திச் சொன்னேன். "டாக்டர், மாமனாருக்கு இருந்தது. அப்ப இவ அவர்கூடத்தான் தூங்குவா." டாக்டர் முகத்தில் கோபம் இல்லை. பேனாவை எடுத்து அடிக்கோடிட்டு எழுதிக் கொண்டார். என் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கே அது அன்றுதான் தெரியும். இத்தனை நாளாக என்னிடம் மறைத்தாளே என்று அவள் மேல் மனத்தாங்கலோடு உட்கார்ந்திருந்த எனக்கு, அந்தப் பார்வைக்குப் பதில் இல்லை.

பூச்சும் செங்கல்லும்

டாக்டர் ஒரு காகிதத்தில் குடலை வரைந்தார். குடல் அழற்சி நோய் என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு முக்கிய வகை. ஒன்று அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலை மட்டும் பிடிப்பது. மலக்குடலில் ஆரம்பித்து இடைவெளி விடாமல் மேலே ஏறும், உள்பூச்சை மட்டும் புண்ணாக்கும். ரத்தமும் சளியும் இதில் அதிகம். மற்றது க்ரோன் நோய். வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரும். ஓரிடம் புண், அடுத்த இடம் நன்றாக இருக்கும், மறுபடி புண். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் மூலை அதற்குப் பிடித்த இடம். பூச்சோடு நிற்காமல் சுவர் முழுவதும் ஊடுருவும். எங்கள் பழைய வீட்டுச் சுவர்தான் எனக்கு நினைவு வந்தது. கூடத்தில் சுண்ணாம்பு மட்டும் பொருபொருவென்று உதிரும். சமையற்கட்டுப் பக்கம் அங்கங்கே செங்கல் வரை ஈரம் ஊறியிருக்கும்.

லண்டன் டாக்டர் சாமுவேல் வில்க்ஸ் 1859லேயே முதல் வகையைத் தனி நோயாக எழுதி வைத்திருக்கிறார். இரண்டாவதற்குப் பெயர் வந்தது 1932ல், நியூயார்க்கில் பர்ரில் க்ரோன் என்ற டாக்டர் தம் சகாக்கள் இருவரோடு எழுதிய கட்டுரையால். அதற்கும் முன்பே, 1913ல், ஸ்காட்லாந்து சர்ஜன் டால்சியெல், பார்வைக்குக் காசம் போலவே இருந்தும் காசக் கிருமி அகப்படாத குடல் நோயைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆக, எங்கள் வீட்டுக் குழப்பம் நூறு வருஷத்துக்கு மேல் பழையது!

ஏனென்றால் குடலில் காசம் வந்தாலும் அதே மூலையைத்தான் பிடிக்கும். அதே வலி, அதே காய்ச்சல், அதே இளைப்பு. நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் குடலில் காசம் இருக்கலாம். வைத்தியமோ நேர் எதிர். க்ரோன் நோய்க்கு உடம்பின் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து. காசம் இருப்பவருக்கு அதைக் கொடுத்தால் கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்டாற்போல. என் "இல்லை" எப்பேர்ப்பட்ட "இல்லை" என்று அப்போதுதான் உறைத்தது.

பரிசோதனைகள்

ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.4. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யும் ஈ.எஸ்.ஆரும் ஏறியிருந்தன. ஆல்புமின் என்ற புரதம் குறைந்திருந்தது. மலத்தில் கிருமி, அமீபா எதுவும் இல்லை. மலத்திலேயே கால்புரோடெக்டின் என்று ஒரு பரிசோதனை. குடலில் அழற்சி இருந்தால் வெள்ளையணுக்கள் அங்கே குவிந்து விடும் புரதம் அது. கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் அழற்சி நோய் இருக்க வாய்ப்பு குறைவு. இவளுக்கு 900க்கு மேல். ஐ.பி.எஸ். என்று சொல்லிவிடுவதற்கு முன் ஒரு தடவை இதைச் செய்து பார்த்திருந்தால் ஒரு வருஷம் மிச்சம். ஆனால் இதுவும் அழற்சி இருக்கிறது என்று சொல்லுமே தவிர, க்ரோனா காசமா என்று சொல்லாது.

அடுத்தது கொலனோஸ்கோப்பி, ஆசனவாய் வழியாகக் காமிரா வைத்த குழாயைச் செலுத்திப் பார்ப்பது. பெயரைக் கேட்டே பயந்தாள். உண்மையில் கஷ்டம் முதல் நாள்தான். ஒரு வாரம் முன்பே இரும்பு டானிக்கை நிறுத்தச் சொன்னார்கள். இரண்டு நாள் கீரை, கொய்யா, தக்காளி விதை எதுவும் இல்லாமல் வெறும் வெள்ளைச் சாதமும் வடிகட்டிய ரசமும். முதல் நாள் மாலை ஒரு பொடியை 2 லிட்டர் தண்ணீரில் கலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். எலுமிச்சை வாசனை போட்ட உப்புத் தண்ணீர். நான் ஐஸ் பெட்டியில் வைத்துக் குளிரக் குளிரக் கொடுத்தேன், அப்படித்தான் இறங்கிற்று. மறுநாள் தூக்க ஊசி போட்டு அரை மணியில் முடிந்துவிட்டது. "எப்பம்மா ஆரம்பிப்பாங்க?" என்று கேட்டுக் கொண்டே விழித்தாள்.

அந்த மூலையில் புண்கள் இருந்தன. தாண்டிப் பெருங்குடலில் ஒரு முழம் வழவழவென்று நன்றாக இருந்து, அப்புறம் மறுபடி நீளவாக்கில் புண். சிறுகுடல் முனையிலிருந்து மலக்குடல் வரை, நன்றாகத் தெரிந்த இடத்திலும்கூட, துணுக்குத் துணுக்காகச் சதை எடுத்தார்கள். "நல்லா இருக்கற இடத்துல ஏன் எடுக்கணும்?" என்று கேட்டேன். கண்ணுக்கு நன்றாகத் தெரிவது மைக்ராஸ்கோப்புக்கு நன்றாக இருக்க வேண்டும் என்பதில்லையாம்.

குழாய் எட்டாத சிறுகுடலுக்கு ஸ்கான். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் தித்திப்புத் திரவம் குடித்துக் குடலை உப்ப வைத்து, கையில் மருந்து ஏற்றி, சி.டி. எடுத்தார்கள். உடம்பெல்லாம் குப்பென்று சூடு பரவிற்றாம், அவ்வளவுதான். இதையே எம்.ஆர்.ஐ.யிலும் எடுக்கலாம், அதில் கதிர்வீச்சு இல்லை, அடிக்கடி படம் எடுக்க வேண்டிய சின்ன வயதினருக்கு அதுவே நல்லது என்றார்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்று சிறு சந்தேகம் இருந்தாலும் படம் எடுக்குமுன் சொல்லிவிட வேண்டும்.

இந்த இடத்தில் என் சின்னம்மாவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டாக்டர் அம்மா வழிக் குடும்பத்தையும் விசாரித்தபோது நினைவுக்கு வந்தாள். "அவளுக்குக் கிராணி" என்று ஊரே சொல்லும். 1984ல் சுண்ணாம்புக் கரைசல் மாதிரி பேரியம் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்தக் காலத்தில் சிறுகுடலைப் பார்க்க அதுதான் வழி. "குடல் ஒரு இடத்துல நூல் மாதிரி இருக்காம்" என்று சித்தப்பா வந்து சொன்னது என் காதில் இருக்கிறது. குடல் காசம் என்று ஆபரேஷன் செய்தார்கள். சதைப் பரிசோதனை செய்தார்களா, யாருக்குத் தெரியும்? நான் நூல் என்றதும் டாக்டர் நிமிர்ந்தார். சிறுகுடலின் முனை க்ரோன் நோயில் சுருங்கிப் பேரியம் படத்தில் நூலாகத் தெரிவதுண்டு, காசத்திலும் சுருங்குவதுண்டு. சின்னம்மாவுக்கு எது என்று இனித் தெரியப் போவதில்லை. என் பெண்ணின் சரித்திரத்தில் மட்டும் அவளுக்கும் ஒரு வரி கிடைத்தது.

இரண்டில் எது?

எல்லா ரிப்போர்ட்டும் வந்த அன்று, பதில் கிடைத்துவிடும் என்று போனேன். கிடைக்கவில்லை. சி.டி. படத்தில் சிறுகுடலில் மூன்று இடம் விட்டு விட்டுத் தடித்திருந்தது, அவற்றுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சீப்புப் பல் மாதிரி நெருங்கி நின்றன. இது க்ரோன் பக்கம். நெறிக்கட்டிகள் நடுவில் அழுகிக் கருத்திருந்தால் காசத்தின் பக்கம். அப்படி இல்லை. சதைத் துணுக்கில் சின்னச் சின்ன அழற்சி முடிச்சுகள் இருந்தன, அவை இரண்டு நோயிலும் வரும். காசமென்றால் அவை பெரிதாக, ஒன்றோடொன்று சேர்ந்து, நடுவில் தயிர்க்கட்டி போல் சிதைந்திருக்கும். அதுவும் இல்லை. கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனையிலும் ஒன்றும் அகப்படவில்லை. "இல்லைன்னு வந்தா இல்லவே இல்லைன்னு அர்த்தமில்லம்மா. குடல் காசத்துல கிருமி ரொம்பக் கொஞ்சமா இருக்கும், தப்பிச்சுடும்" என்றார். கல்ச்சர் வைத்தார்கள். அதற்கு 6 முதல் 8 வாரம்.

"எனக்கு க்ரோன்னுதான் தோணுது. ஆனா இந்தக் குழந்தை டி.பி. பேஷன்ட் பக்கத்துல தூங்கியிருக்கு. காய்ச்சல் இருக்கு. நம்ம ஊர்ல டி.பி. சாதாரணம். முதல்ல டி.பி.க்கு மருந்து கொடுத்துப் பாக்கலாம். ரெண்டு மூணு மாசத்துல மறுபடி உள்ளே பாப்போம். காசப் புண்ணா இருந்தா ஆறியிருக்கும்."

சாப்பிட ஆரம்பித்தாள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்படாதே என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். இடையிடையே ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை. மூன்றாம் வாரம் காய்ச்சல் குறைந்தது. 41 கிலோ 42 ஆயிற்று. மாரியம்மன் கோயிலுக்கு மாவிளக்கு வேண்டிக் கொண்டேன், காசமாகவே இருக்கட்டும் என்று! ஆறு மாதத்தில் முடிந்துபோகும் வியாதி அல்லவா? பதினாறு வருஷம் வெட்கப்பட்டு மூடி வைத்த வியாதியை என் பெண்ணுக்கு வரமாகக் கேட்டேன்.

2024 ஜூனில் மறுபடி அந்த 2 லிட்டர், மறுபடி குழாய். புண்கள் அப்படியே இருந்தன. கல்ச்சரிலும் கிருமி வளரவில்லை. மேலுக்குத் தேவலையாவதை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது, க்ரோன் நோயாளியும் காச மருந்தில் கொஞ்சம் தெம்பாகத் தெரிவதுண்டு, உள்ளே ஆறியிருக்கிறதா என்பதே கேள்வி என்றார். அன்றுதான் க்ரோன் நோய் என்று பெயர் எழுதினார்.

எனக்கு அழுகை பொங்கிக் கொண்டு வந்தது. "டாக்டர், மாமனார் விஷயத்தை நான் சொன்னதாலதானே மூணு மாசம் வீணாப் போச்சு?"

"சொல்லாம இருந்து, நான் அன்னிக்கே ஸ்டீராய்டு ஆரம்பிச்சு, உள்ளே இருந்தது டி.பி.யா இருந்திருந்தா? அப்ப என்ன ஆகியிருக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல விரும்பலை. மூணு மாசத்தைத் திரும்பப் பிடிச்சுக்கலாம்மா."

இதைப் படிக்கும் அம்மாக்களுக்கு ஒன்று. டாக்டரிடம் போகும்போது வெறும் ரிப்போர்ட் கட்டோடு போகாதீர்கள். ஒரு நோட்டில் பத்து நாள் எழுதி வையுங்கள்: பகலில் எத்தனை தடவை, ராத்திரி எத்தனை, ரத்தம், சளி, காய்ச்சல், எடை, சாப்பிட்ட மாத்திரைகளின் பெயர். பழைய ஸ்கான்களைத் தேதி வாரியாக அடுக்குங்கள். கடைசி வரி வரை படித்துக் காட்டச் சொல்லுங்கள். பையனானால் வீட்டில் சொல்லாமல் சிகரெட் பிடிக்கிறானா என்றும் டாக்டர் தனியே கேட்க இடம் கொடுங்கள், க்ரோன் நோயை அது மோசமாக்கும். பெண்ணானால் சில கேள்விகளின்போது நீங்களே எழுந்து வெளியே போய் உட்காருங்கள். வளர்கிற குழந்தையானால் வயிற்றுத் தொந்தரவே பெரிதாக இல்லாமல், உயரம் ஏறாமல் நிற்பதுகூட இந்த நோயின் அடையாளமாக இருக்கலாம்.

வைத்தியம் நடக்கிறது. முற்றிலும் போய்விடும் நோயல்ல, அடங்கியிருக்கும் நோய். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தோடு சில மாதத்துக்கொரு தரம் கால்புரோடெக்டின், வயிற்றில் அல்ட்ராசவுண்ட். குடல் சுவர் 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது என்பதை இப்போது என் பெண்ணே படத்தைப் பார்த்துச் சொல்கிறாள். எடை 50ஐத் தொட்டுவிட்டது.

மாமியாரிடம் சொன்னேனா என்று கேட்பீர்கள். சொன்னேன். "அத்தை, மாமாவுக்கு இருந்ததை டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்." வெற்றிலையை மடித்துக் கொண்டிருந்தவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "உங்க மாமாவோட அம்மாவும் இருமி இருமித்தான் போனாங்க. அதையும் சொல்லிடு" என்றார்.

போன வாரம் ஹாஸ்டலிலிருந்து போன். "அம்மா, நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்தேன்." எனக்குப் பகீரென்றது. "பயப்படாதே, தாகமா இருந்துச்சு, தண்ணி குடிச்சிட்டுப் படுத்துட்டேன். நோட்டுல எழுதணுமா?" என்றாள்.

எழுதிக் கொள் என்றேன்.